முதலில் பந்து, அப்புறம் மண்

தண்ணீர் போதும் சார். உங்கள் மின்விசிறிதான் கொஞ்சம் முனகுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் இந்த மாதிரிச் சில்லறை வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சும்மாவா.

எங்கள் வீட்டில் நடந்த சாவை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். கோல்ஃப் பந்து இரும்பில் பட்டுத் திரும்பி நெற்றிப்பொட்டில் அடித்தது என்று எழுதினார்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தப் பந்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஏன் வலை இல்லை என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறவன். ஆட்டம் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு விஷயம் தெரிந்தால் போதும். தரையில் கிடக்கிற பந்தை இரும்பு மட்டையால் அடிக்கும்போது அதைத் தூக்கப் பார்க்கக் கூடாது. மட்டையை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். மட்டையின் முகத்தில் சாய்வு இருக்கிறது, பந்து தானாக எழும்பும். மட்டை பந்தைத் தொட்ட பிறகுதான் மண்ணைப் பெயர்க்க வேண்டும். முதலில் பந்து, அப்புறம் மண். என் பிழைப்பு மொத்தமும் இந்த நாலு வார்த்தைதான்.

என் மாமனார் லிஃப்ட் மாட்டுகிற தொழில் செய்து ஓய்ந்தவர். வாழ்நாள் பூராவும் மனிதர்களை மேலே தூக்கிவிட்டே பழகியவர், பந்தையும் தூக்கிவிடத்தான் பார்ப்பார். பின்காலில் சாய்ந்து, மணிக்கட்டை மடக்கி, கரண்டியால் குழம்பை மொள்ளுவதுபோல் ஒரு அடி. பந்து கூரையைப் பார்த்துப் போகும், இல்லாவிட்டால் தரையில் உருளும். கிளப்புக்கு என் மாணவராக வந்தவர் என்னைப் பிடித்துப்போய் மகளைக் கொடுத்தார். கல்யாணமான கையோடு கிளப் வேலையை விடச் சொன்னார். "வீட்லயே ஒரு ஆள் இருக்கறப்ப ஊராளுக்கு எதுக்கு மாப்ள சொல்லித்தரணும்?" என்றார். விட்டேன். அது என் புத்தி.

நல்ல மனிதர் சார். அதைத்தான் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அடித்தார், திட்டினார் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவர் நான் முடிவெட்டப் போனால்கூட வண்டியை எடுத்துக்கொண்டு கூடவே வருவார். வாசல் கேட் கிறீச்சிட்டால் உள்ளேயிருந்து "மாப்ள, எங்க கிளம்பிட்டீங்க?" என்று குரல் வரும். சாப்பாட்டில் என் தட்டுக்குத்தான் முதலில் பரிமாறச் சொல்வார். மூச்சு முட்டியது. அன்பால் மூச்சு முட்டுகிறது என்று போய்ச் சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

என் மனைவி பல்செட் செய்கிறவள். மாடியறையில் அவளுக்கென்று மேசை, விளக்கு, மெழுகுக் கட்டி எல்லாம் உண்டு. யாருடைய வாய் என்றே தெரியாத அச்சில் பல்லை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருப்பாள். பேச்சு குறைவு, கையில் அப்படி ஒரு நிதானம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் ஒரு பயிற்சிப்பள்ளி என்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. நாங்கள் இருவரும் தங்க வீடும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நான் மாமனாரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டவில்லை, சிரித்தார். "தாராளமா போங்க. எனக்கு அந்த அடி மட்டும் வரட்டும். வந்த அன்னைக்கு நானே உங்க பெட்டியைத் தூக்கி வண்டில வைக்கிறேன்" என்றார். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பள்ளிக்காரர்களும் காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆக, அவர் மட்டை கீழே இறங்குகிற அன்றைக்கு எனக்கு விடுதலை.

அதற்காகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையைப் பயிற்சிக்கூடம் ஆக்கினோம். ஒரு முனையில் சிமென்டை உடைத்து மண் கொட்டிப் புல் பதித்தோம். எதிர்முனையில் சுவர், சுவருக்கு முன்னால் இடுப்புயரத்தில் குறுக்காக ஓர் அகலமான இரும்புச் சட்டம். வண்டி போய்ச் சுவரில் இடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் போட்டது. அதற்கு முன்னால் வலையைக் கட்டினேன். பந்து வலையில் விழுந்து பொத்தென்று இறங்கும்.

எனக்குத் தெரிந்த பயிற்சி எல்லாவற்றையும் கொடுத்தேன். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போடுவேன். மட்டை துண்டில் படாமல் பந்தில் பட வேண்டும், துண்டில் பட்டால் சீக்கிரமே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் கையில் என் துண்டெல்லாம் கந்தலானது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மண் பெயர வேண்டும் என்றேன். இந்தப் பக்கம் கிணறு தோண்டினார். பின்கால் குதிகாலைத் தூக்கி, முன்காலில் கனத்தை வைத்து அடிக்கச் சொன்னேன். விழுந்தார். பழைய தலையணையைக் கோணியில் திணித்து, அதில் மட்டையை அறைந்து, கை முன்னால் மட்டை பின்னால் என்று பழக்கினேன். கோணியில் பிரமாதமாக அறைவார், பந்தை வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகரவில்லை.

"முதல்ல பந்து மாமா, அப்புறம்தான் மண்ணு" என்பேன்.

"மண்ணு எல்லாருக்கும் கடைசிதான் மாப்ள. அவசரம் எதுக்கு?" என்பார்.

ஒரு நாள் வலையை அவிழ்த்துத் துவைத்தேன். திருப்பிக் கட்டும்போது இரும்புச் சட்டத்துக்கு முன்னால் கட்டாமல் பின்னால் கட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஏன் என்று மாமனார் கேட்டார், சட்டத்தில் உரசி வலை கிழிகிறது என்றேன். உண்மையிலேயே கிழிந்துகொண்டுதான் இருந்தது. "நீங்க சொன்னா சரி" என்றார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தூக்கி அடிக்கிற பந்து சட்டத்துக்கு மேலே போய் வலையில் விழும். உருட்டுகிற பந்து கீழே போய் விழும். மேலிருந்து இறக்கி, சுத்தமாக அடித்தால் மட்டும், நாலாம் நம்பர் மட்டையில் பந்து சரியாக இடுப்புயரத்தில் சீறும். போன வேகத்தில் இரும்பில் பட்டு, இன்னும் எழும்பித் தலை உயரத்துக்குத் திரும்பும். அவர் தப்பாக அடிக்கிறவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. சரியாக அடித்தால்தான். அடி வந்தால் அவரே விட்டுவிடுகிறேன் என்றாரே, அப்புறம் எதற்கு இரும்பு என்று கேட்பீர்கள். அவர் விடமாட்டார் சார். "இன்னைக்கு வந்துச்சு, நாளைக்கும் வருதான்னு பாப்போம்" என்பார். எனக்கு அவரைத் தெரியும்.

அதற்கப்புறம் நான் சொல்லிக்கொடுத்ததுபோல் என் ஆயுளில் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொறுமையாக, கையைப் பிடித்து, குதிகாலைத் தொட்டு, குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தருவதுபோல். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்கப்பா மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கல்மனசுக்காரன் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் மாமனார் மட்டையை ஓங்கிவிட்டார். என் மனைவி கந்தல் துண்டுகளைப் பொறுக்க வலைப் பக்கம் போய்விட்டாள், அவர் கவனிக்கவில்லை. "நில்லுங்க மாமா" என்று என் தொண்டையிலிருந்து எப்படித்தான் அந்தச் சத்தம் வந்ததோ. அவர் ஓங்கிய மட்டையோடு அப்படியே நின்று, தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டார். "அடிக்கும்போது பக்கத்துல நிக்கறவங்க பேசக்கூடாதுன்னு நீங்கதானே மாப்ள பாடம் எடுத்தீங்க?" என்று கடிந்துகொண்டார். ஆட்டத்தில் அப்படி ஒரு மரியாதை உண்டு. ஒருவர் மட்டையை ஓங்கினால் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் மகளைப் பார்த்தார், வெளிறிப்போனார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அவளை அணைத்துக்கொண்டார். என்னையும் சேர்த்துத்தான்.

இன்னொரு நாள் மத்தியானம் மாமனார் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். கடலோரப் பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. இனிமேல் காத்திருக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்று. நான் கொட்டகையில் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள், விரலில் மெழுகு ஒட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மெழுகை உரித்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. அப்பாவுக்கு அந்த அடி எப்பவோ வந்துடுச்சு."

"எப்போ?"

"போன வருஷமே, நீங்க வலையை மாத்திக் கட்டறதுக்கெல்லாம் முன்னாடி. நீங்க ஏதோ போட்டி பாக்கப் போயிருந்தீங்க. வலையில டம்முன்னு ஒரு சத்தம், ஓடி வந்து பாத்தேன். சின்னப் புள்ள மாதிரி குதிக்கறாரு. நான்தான் மாப்பிள்ளைகிட்ட சொல்லாதீங்கப்பான்னேன். எனக்கு இந்த வீட்டை விட்டு வரப் பிடிக்கல. உங்ககிட்ட நேரா சொன்னா மனசு ஒடிஞ்சுடுவீங்க."

கையிலிருந்த பந்தைத் துடைத்து முடித்து, வாளியில் போட்டேன். நான் கோபப்படவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது, அபூர்வமாகச் சிரித்தாள்.

"அவருக்கு மட்டுமா? தினம் கேட்டுக் கேட்டு எனக்கே வந்திருக்கும். அடிச்சுக் காட்டவா?"

நாலாம் நம்பர் மட்டையை அவளே எடுத்தாள். பந்தை வைத்தாள். துண்டை மடித்துப் பின்னால் போட்டாள், அதைக்கூட மறக்கவில்லை. முன்காலில் கனம். கை பந்துக்கு முன்னால். பல்லைப் பதிக்கிற கை அல்லவா, பிடியில் ஒரு இறுக்கம் இல்லை. அவள் பந்தின் மேல் நின்ற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மட்டையை ஓங்கியபோது சந்தேகமே இல்லை. அவள் இங்கே நிற்கிறாள், எதிரே இரும்பு இருக்கிறது, நடுவில் வலை இல்லை. எல்லாம் தெரிந்தது, நேரமும் இருந்தது.

அடித்தாள். நான் முதலில் பார்த்தது துண்டைத்தான். அது அசையவில்லை. பந்து இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மண் வழித்தெடுத்ததுபோல் பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவளைப் பார்த்தேன்.

மாமனார் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "உங்களை விட்டா எனக்கு இனி யாரு மாப்ள?" என்றார். இப்போது என் அறை வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். நேற்று அவரே வலையை அவிழ்த்துச் சட்டத்துக்கு முன்னால் கட்டினார். அப்புறம் நாலாம் நம்பர் மட்டையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கண்ணெல்லாம் ஈரம்.

"எனக்கு இன்னும் அந்த அடி வரலையே மாப்ள. வந்ததும் போயிக்கலாம்" என்றார்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் துண்டை மடித்துப் போட்டேன். ஓங்கினார், தூக்கினார், துண்டு பறந்தது, பந்து கூரைக்குப் போனது. அவ்வளவு நேர்த்தியாகத் தப்பாக அடிக்கவேண்டுமானால் சரியான அடி உடம்பில் ஊறியிருக்க வேண்டும். அந்த ஆள் சாகிறவரை தப்பாகவே அடிப்பார் சார். வலை முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, அந்த இரும்பு அவரை என்றைக்குமே தொட்டிருக்காது. என்னை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தப்பாக அடித்தார், அதனாலேயே பிழைத்தார். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இங்கே யார் எதை நினைத்தோம் என்று எனக்கே குழம்பிவிட்டது.

இங்கே என்னைக் கூட்டிவந்து விட்டதும் அவர்தான். ஏதோ கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னேன், வண்டியை எடுத்துவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், மடியில் என் சால்வை. பெண்டாட்டி போன துக்கத்துல மாப்ள உளறுறாரு, மன்னிச்சிடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன் என்பார். தயவுசெய்து நம்பாதீர்கள். என் மனைவியைக் கொன்றது நான்தான். உங்களிடம் பூட்டு இருக்கிறது, கம்பி இருக்கிறது. அவரை உள்ளே விடாத அறை ஒன்று கொடுத்தால் போதும்.

நீங்கள் கேட்பது நியாயம். அன்றைக்கு மாமனாரை நிறுத்தக் கத்தத் தெரிந்தவன், அவள் ஓங்கியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? கோபமா என்கிறீர்கள். இல்லை சார், நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். அவர் ஓங்கியது தப்பான அடி, தப்பான அடியை யாரும் நிறுத்தலாம். அவளுடையது சரியான அடி, அதை எந்த வாத்தியார் நிறுத்துவான்?