போகாத பூநாரைகள்

தனியாகத் தேநீர் குடிக்க எனக்குப் பிடிக்காது, சேர். ஹற்றனிலிருந்து மன்னாருக்குச் சமையல் வேலைக்கு வந்த பிறகு எனக்கிருந்த ஒரே குறை அதுதான். எட்வேட் முதலாளியின் விடுதிக்குப் பின்னால் கடலேரி. விடிந்ததும் கோப்பையோடு கரையில் போய் நிற்பேன். பூநாரைகள் அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து இரை தேடும். நான் பேசுவேன். அவை மறுத்துப் பேசியதில்லை. ஒரு குடும்பம் போலத்தான் இருந்தது.

பங்குனி முடிய அவை போய்விடும். சொல்லிக்கொள்வதில்லை. என் மனைவியும் அப்படித்தான் பஸ் ஏறினாள். அதை நீங்கள் கேட்கவில்லை, விடுங்கள்.

பறவைகள் போனதும் விருந்தினர்கள் வருவதும் நின்றுவிடும். "பறவை இல்லையெண்டா இந்த வெக்கைக்குள்ள ஆர் வருவான்?" என்று முதலாளி புலம்புவார். எனக்கு உதவும் குணம் உண்டு.

இந்த வருஷம் பங்குனி முடியுமுன் சேற்றில் மீன்வலையைத் தாழ விரித்தேன். சிக்கியவற்றை மடியில் வைத்து, ஒரு பக்கச் செட்டையின் கறுப்பு இறகுகளைக் குசினிக் கத்தரிக்கோலால் சீராக நறுக்கினேன். நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. பிறகு முளைத்துவிடும்.

மற்றவை போன பிறகும் என்னுடையவை நின்றன. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். "மன்னார் அதுகளுக்குப் பிடிச்சுப்போச்சு" என்று முதலாளி கமராவுக்குச் சொன்னார். 'பூநாரைகளின் நிரந்தர வீடு' என்று ஒரு பலகை நட்டார். அதைத் திறந்துவைத்த பெரிய மனிதர், இந்தப் பறவைகளின் தேசப்பற்று நமக்கும் வேண்டும் என்று சொல்லிக் கண் கலங்கினார்.

கரையில் நண்டு பிடிக்கும் அருளம்மா அக்காவுக்குத்தான் திருப்தியில்லை.

"தம்பி, உன்ர ஆக்கள் ஏன் நடந்தே திரியினம்?"

"ஊரு புடிச்சுப்போச்சுங்க அக்கா."

"எனக்குந்தான் இந்த ஊர் பிடிக்கும். அதுக்காக வத்திற சேத்துக்குள்ள நிண்டு காயமாட்டன்."

ஆனியில் கடலேரி வற்றியது. அவை தண்ணீர் தேடிப் பறக்க வேண்டிய காலம் என்பதை நான் மறுக்கவில்லை. வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். வெடித்த சேறு குடித்துவிட்டது. சோறு வைத்தேன். அந்த அலகுக்கு அது சரிவரவில்லை. ஒவ்வொன்றாகக் காலை மடித்து உட்கார்ந்தன. விருந்தினர்கள் கிட்டப் போய்ப் படமெடுத்தார்கள். கொஞ்சமும் பயப்படுவதில்லையே என்று வியந்தார்கள்.

அக்கா செத்த ஒன்றைத் தூக்கிவந்து, விருந்தினர் சாப்பிடும் மேசையில் போட்டுச் செட்டையை விரித்தார். "பார் எட்வேட், ஆரோ கத்தரிச்சிருக்கிறாங்கள்."

முதலாளி என்னைப் பார்த்தார். "சாப்பாட்டு மேசையிலயோ அக்கா வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பின்னேரம் குசினிக்கு வந்து, "கூழைக்கடாவையும் இப்பிடி நிப்பாட்டேலுமோ?" என்று மெதுவாக விசாரித்தார். அதற்குள் அக்கா முறைப்பாடு கொடுக்கப் பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

கத்தரிக்கோல் என்னுடையது. வெட்டியது நான்தான். எல்லாம் செத்துப்போயின, அதையும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றுகூட என்னை விட்டுப் போகவில்லை, சேர். அதை மறக்காமல் எழுதுங்கள்.