நான்கு சக்கரங்களுக்கும் காற்று

கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் சோறு சமைக்க நினைக்கக் கூடாது. இடியப்பம்தான் சரி. முதல் வருடம் எங்களுக்கு அது தெரியவில்லை. சோறு வடித்து, மூடியைத் திறந்து எல்லோருக்கும் போட்டு முடிவதற்குள் பாதிக் கடற்கரை பானைக்குள் வந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து என் தங்கை பேர்ளி இடியப்ப உரலைத் தன் துணிப் பைக்குள்ளேயே வைத்துக் கட்டிக்கொள்வாள்.

என் பெயர் அல்பிரட். மன்னார்க்காரன். பாரிஸின் புறநகரான திரான்சியில் வீடு, பக்கத்து ஊரான ஸ்தேனில் ஒரு கராஜில் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக டயர் மாற்றுகிறேன். சென்ற ஓகஸ்டில் நடந்ததைச் சொல்வதென்றால் எங்கள் கம்பிங்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மாதா திருநாளை ஒட்டி நாங்களும் என் பெரியம்மாவின் மகள் றெஜினா குடும்பமும் நோர்மண்டிக் கடற்கரைக்குப் போவோம். புறப்படுகிற பின்னேரம் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில், பேர்ளி வேலை செய்யும் புடவைக் கடைக்கு முன்னால் வண்டிகளை இரண்டாம் வரிசையில் நிறுத்தி, ஆட்டிறைச்சி, கறித்தூள், ஐஸ் எல்லாம் ஏற்றுவோம். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் சாரதி ஹோர்ன் அடிப்பார். றெஜினா அவருக்கு ஒரு மிக்சர் பக்கெற்றை நீட்டுவாள். ஒரு முறை வாங்கியும்கொண்டார்.

அந்த நாட்களில் கம்பிங்கில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு கூடாரத்துக் கயிறும் அடுத்த கூடாரத்துக் கயிறும் பின்னிக்கிடக்கும். பக்கத்துக் கூடாரத்துப் பிரெஞ்சுக்காரர் தும்மினால் எங்கள் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று பதில் போகும். ஓர் இடத்துக்கு ஆறு பேர் என்பது சட்டம். எங்களுக்கு இரண்டு இடம். வந்து சேர்ந்திருப்பது பத்தொன்பது பேர். நிர்வாகி மர்கரீத் அம்மையார் காலையில் கொப்பியோடு எண்ண வரும்போது ஏழு பேர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வரிசையில் போய் நிற்பார்கள். அவர் போனதும் திரும்பி வருவார்கள்.

“உங்கள் குடும்பத்தார் மிகவும் சுத்தமானவர்கள்” என்று மர்கரீத் ஒரு நாள் பிரெஞ்சில் சொன்னார். “எப்போது பார்த்தாலும் குளிக்கிறார்கள்.”

“அது எங்கட சமயம், மதாம்” என்றாள் றெஜினா. மர்கரீத் சிரிக்காமல் கொப்பியை மூடிக்கொண்டு போனார். மாலையில் மீன் வைத்த மாலுபாண் கேட்டு வந்தார்.

சென்ற வருடம் இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். றூபன். நாற்பத்து நாலு வயது, யாழ்ப்பாணத்தவர், பொபினியில் ஒரு பண்டகசாலையில் வேலை. தமக்கையின் மகளுக்குச் சேலை வாங்கப் பேர்ளியின் கடைக்கு வந்தவர், நிறம் சரியில்லை என்று மூன்று முறை மாற்ற வந்தார். நாலாம் முறை வந்தபோது, “உங்கட மருமகளுக்கு என்னதான் நிறம் பிடிக்கும்?” என்று பேர்ளி கேட்டிருக்கிறாள். “அவ முதல் சேலையையே கட்டி, படமும் எடுத்தாச்சு” என்று இவர் சொல்லியிருக்கிறார். மாற்றக் கொண்டுவந்ததெல்லாம் பேர்ளியைப் பார்க்கவென்றே அவர் தன் காசில் வாங்கிய வேறு சேலைகளாம். பேர்ளிக்கு நாற்பத்தொரு வயது. அன்று வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது தேங்காய்ப்பூவுக்குப் பதிலாகச் சீனியை அள்ளிப் புட்டுக் குழலுக்குள் போட்டாள்.

எனக்கு றூபனைப் பிடித்திருந்தது. இதை நான் மனமறிந்து சொல்கிறேன். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர், சீட்டாட்டத்தில் தோற்றால் சிரிப்பவர். அவரிடம் இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. இரண்டாம் கையாக வாங்கியது. அதை மணலில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு.

பிரான்சில் கடற்கரையில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். ஆனால் கம்பிங்குக்குப் பின்னால் ஒரு விவசாயிக்குச் சொந்தமான மணல்வெளி இருக்கிறது. மேடும் பள்ளமுமாக, கடல் வரைக்கும் போகாத மணல். கோடையில் அங்கே இப்படிப்பட்ட வண்டிகளை ஓட விடுவார்கள். இரண்டாம் நாள் காலை நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனோம். அங்கேயும் கூட்டம்தான். றூபன் உற்சாகமாகப் போய் முதல் மேட்டிலேயே அச்சு வரைக்கும் புதைந்தார். பத்தொன்பது பேரும் தள்ளினோம். சக்கரம் சுற்றி எல்லோர் முகத்திலும் மணலை அடித்தது.

“தம்பி, வண்டியை நட்டுப்போட்டீர். இனித் தண்ணி ஊத்துவம், முளைக்கும்” என்றாள் றெஜினா.

நான்தான் போய்க் காற்றை இறக்கினேன். மணலில் ஓட்டுவதற்கு டயர் தட்டையாக வேண்டும். பாதிக்கும் கீழே, அளக்கும் கருவியில் ஒரு பார் காட்டும் அளவுக்குக் காற்றை இறக்கினால் டயர் அகன்று, ஒட்டகத்தின் பாதம் போல மணலுக்கு மேலே நிற்கும். நாலு சக்கரத்திலும் இறக்கிவிட்டு, “இப்ப மெல்ல எடும்” என்றேன். வண்டி ஒரு முனகலோடு மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று முழுவதும் ஓட்டினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பேர்ளியும் ஓட்டினாள். லைசென்ஸ் எடுக்கப் பயந்து பதினைந்து வருடம் பஸ்ஸில் போனவள், மணல் மேட்டிலிருந்து இறங்கும்போது தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அழகாகத்தான் இருந்தது.

என் மனைவி இறந்து ஒன்பது வருடம். அந்த வாரமே பேர்ளி தன் வாடகை அறையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவாள். என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள். அரச அலுவலகமான பிரெபெக்சரில் இருந்து கடிதம் வந்தால் வாசித்துப் பதில் எழுதுவாள். கலியாணம் முடித்தாலும் பொபினியில் இருந்து திரான்சிக்கு வருவது ஒரு பெரிய விஷயமில்லை. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை, இடியப்பம் அவிகிற நேரம், றூபன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“அண்ணை, துலூசில வேலை சரிவந்திட்டுது. மேற்பார்வையாளராய் எடுக்கினம். ஒக்டோபர் முதலாம் திகதி அங்கை நிக்கவேணும். அதுக்கு முன்னம் நகரசபை மேரியில கலியாணத்தை எழுதிப்போட்டு, பேர்ளியையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு...”

பேர்ளி உரலைப் பிழிவதை நிறுத்தினாள். “நீங்கள் என்ன சொல்லுறியள், அண்ணை? வேண்டாம் எண்டால் இப்பவே சொல்லுங்கோ.”

“சந்தோசம்” என்றேன். “இதில நான் சொல்ல என்ன இருக்கு?”

அவள் அழுதாள். றெஜினா அவளைக் கட்டிப்பிடித்து, “அல்பிரட், உனக்கு இனிக் கஞ்சிதான்” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். துலூஸ் தெற்கே, பாரிஸிலிருந்து ஆறேழு மணித்தியாலத் தூரம். அங்கே பேர்ளிக்கு யாரைத் தெரியும்? நல்ல முருங்கைக்காய்கூடக் கிடைக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? றூபன் வேலைக்குப் போய்விடுவார். அவள் ஒரு புது ஊரில் ஒரு சன்னலுக்குப் பக்கத்தில் தனியே உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. தனியே உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் யோசித்தேன்.

அடுத்த நாள்தான் கடைசி நாள். மத்தியானம் கூடாரங்களைக் கழற்றினோம். பெண்கள் கழுவுமிடத்தில் பாத்திரங்களோடு நின்றார்கள். பிள்ளைகள் கடைசியாக ஒரு முறை கடலுக்குப் போயிருந்தார்கள். றெஜினாவின் கணவர் கூடாரத்தை அதன் பைக்குள் திணிக்க முடியாமல் அதோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். றூபனின் வண்டி வேலியோரம் நின்றது. மணலில் இருந்து வெளியே வந்தால் தார் ரோட்டுக்கு ஏற முன் திரும்பவும் காற்று அடிக்க வேண்டும். அது என் வேலை. எங்கள் கூட்டத்தில் டயர் என்றால் அல்பிரட் அண்ணை.

நான் காற்றடிக்கும் கம்பிரசரை அவருடைய வண்டியில் செருகி ஓடவிட்டேன். அது நல்ல சத்தம் போடும் கருவி. பத்து நிமிடம் ஓடியது. குழாயை நான் எந்த டயரிலும் மாட்டவில்லை. சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குந்தி எழும்பினேன். ஒரு டயரில் மட்டும் காற்றுக் குறைந்தால் வண்டி சாயும், பார்த்தவுடன் தெரியும். நாலிலும் ஒரே அளவாகக் குறைந்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

றூபன் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு வந்தார். கையில் காற்று அளக்கும் சிறிய கருவி இருந்தது. முந்தின நாள் என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே ஒருவரிடம் கேட்டு வாங்கியது. புது விளையாட்டுச் சாமான் வாங்கிய பிள்ளை போல அதை வைத்திருந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியப் போனவர் என்னைப் பார்த்தார்.

“பாரும், பாரும்” என்றேன். “நான் கோவிக்கமாட்டன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “ஐயோ அண்ணை, உங்கட வேலையை நான் பாக்கிறதோ? சும்மா பழக்கத்துக்குக் கையில எடுத்தனான்.” கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அளக்காமல் போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பெண் கொடுக்கப்போகிற வீட்டின் மூத்தவர் செய்த வேலையை, அவர் கண் முன்னாலேயே அளந்து பார்க்கிற மாப்பிள்ளை எங்கள் ஆட்களில் இல்லை. நான் கோபிக்கமாட்டேன் என்று சொன்ன பிறகு சுத்தமாக இல்லை.

பிறகு அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். “அண்ணை, இந்த மஞ்சள் லைற் இன்னும் எரியுதே?”

“நேற்றுக் காத்து இறக்கினது அதுக்கு ஞாபகம். நூறு கிலோமீற்றர் ஓடினால் தானாய் நிண்டிடும். மோட்டர்வேயில நேரை பிடியும்.”

“நல்லது அண்ணை.”

பேர்ளி பாத்திரக் கூடையோடு வந்து அவர் வண்டியின் கதவைத் திறந்தாள். நான்தான் கூப்பிட்டேன். கறிச் சட்டியை யாராவது மடியில் வைத்திருக்க வேண்டும், என் வண்டியில் வா என்றேன். “இன்னும் ஆறு கிழமையில அவரோடதானே இருக்கப்போறாய்” என்றும் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். றூபன் கையசைத்துவிட்டு முன்னால் போனார்.

வழியில் எங்காவது டயர் பழுதாகி நின்றுவிடுவார், பேர்ளிக்கு அவருடைய கவனக்குறைவு தெரிய வரும், யோசிப்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். கொஞ்ச நாள் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் ஒரு பார் காற்றோடு கோடை வெயிலில் மணிக்கு நூற்றுமுப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற டயர் எத்தனை நிமிடத்தில் சூடேறி வெடிக்கும் என்பதை இருபத்திரண்டு வருடம் டயர் மாற்றியவன் தெரியாது என்று சொல்ல முடியாது. அதனால்தான் மோட்டர்வேயில் ஏறியதும் முதல் இளைப்பாறும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பேர்ளிக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்த பிறகு இன்னொன்றும் வாங்கினேன். அரை மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தோம். கலியாணத்துக்கு என்ன நிறச் சேலை என்பது பற்றி. அவள் சின்ன வயதிலிருந்தே இரத்தம் கண்டால் மயங்கிவிடுவாள். அவள் அதைப் பார்க்கக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

வண்டி மூன்று முறை உருண்டதாகச் சொன்னார்கள். வேறு எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. றூபனுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு இல்லை என்று வைத்தியர் சொன்னார். தலையிலும் அடி. அந்த நாள் முழுவதும் அவருடைய நினைவில் இருந்து போய்விட்டது.

நாலு டயரிலும் போதிய காற்று இருக்கவில்லை என்று பிறகு அறிக்கை வந்தது. பேர்ளி அந்தக் கடதாசியை என்னிடம் கொண்டுவந்தாள். “அண்ணை, நீங்கள் அடிக்கேல்லையோ? சத்தம் கேட்டதே.”

“அது அவர் போட்ட சத்தம், பிள்ளை” என்றேன். “கையில அளக்கிற சாமானையும் வைச்சுக்கொண்டு, தானே அடிக்கிறன் எண்டு நிண்டார். ஆசைப்படுறார், விடுவம் எண்டு நானும் விட்டிட்டன்.” அவருடைய சட்டைப் பையில் இருந்து எடுத்த சாமான்களோடு அந்தக் கருவியும் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் வந்திருந்தது. பேர்ளி கடதாசியை மடித்து அந்தப் பைக்குள்ளேயே வைத்தாள்.

டிசெம்பரில் கலியாணம் நடந்தது. திரான்சி மேரியில், றூபனின் சக்கர நாற்காலியில் மாலை சிக்காமல் றெஜினா பிடித்துக்கொண்டு நிற்க, பேர்ளி குனிந்து மோதிரம் போட்டாள். துலூஸ் வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். என் வீடு நிலத்தோடு இருக்கிற வீடு, படியில்லை. ஆகவே இருவரும் என்னோடுதான். நான் பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்தேன்.

எங்கள் வீடு இப்போது கலகலப்பான வீடு. பேர்ளி ஐந்து மணிக்கு எழுந்து எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறாள். மாலையில் நாங்கள் சீட்டில் முன்னூற்றுநாலு ஆடுகிறோம். றெஜினா வந்தால் நாலு கையும் சரி. றூபன் இப்போதும் தோற்றால் சிரிக்கிறார். இப்போது என்னை மச்சான் என்று கூப்பிடுகிறார். நான் அவரைக் குளிப்பாட்டுகிறேன், தூக்கிப் படுக்க வைக்கிறேன். சொந்தத் தம்பிக்குக்கூட இவ்வளவு செய்வார்களா என்று றெஜினா எல்லோரிடமும் சொல்கிறாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேர்ளி பூசைக்குப் போயிருந்தாள். நான் றூபனுக்குத் தாடி வழித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மச்சான், கனநாளாய்க் கேக்கவேணும் எண்டு. காத்தைச் சரியாய் அடிக்காமல் பேர்ளியிட வாழ்க்கையையும் கெடுத்து, உங்களுக்கும் பாரமாய் வந்து கிடக்கிறன். உங்கட தங்கச்சிக்கு இப்படிச் செய்துபோட்டன். என்னை மன்னிப்பியளோ?”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். எங்கள் குடும்பத்தில் மனக்கசப்பை வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. நான் அவருடைய தோளைத் தட்டி, மனதார மன்னித்துவிட்டேன்.