ஈரக் கயிறு

பக்கத்து வீட்டு அக்கா: ...அதில்லடி, தபால்காரர் பொண்டாட்டி வந்து, “தையல்காரி வீட்டுக் கிணத்துத் தண்ணி டெஸ்ட்ல தேறலையாமே”ன்னு என்னையே கேக்கறா. இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத சேதி ஒண்ணு, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?

தையல்காரி: வருத்தம் என் கிணத்துக்கா, சேதி பிந்துனதுக்கா, அக்கா?

அக்கா: ரெண்டுக்கும்தான். சொல்லு, நிஜமா?

தையல்காரி: நிஜம்தான். தண்ணி டெஸ்ட் பண்றவங்க வீட்டுக்கு வீடு பாட்டில் கொடுத்துட்டுப் போனாங்களே, உங்க கிணத்துத் தண்ணிய நீங்களே புடிச்சு வைங்கன்னு... அவங்கதான் நேத்து ஃபோன் பண்ணாங்க. நைட்ரேட்டு ஜாஸ்தியாம். இந்தத் தலையணை உறைக்கு நாடா வெக்கணுமா?

அக்கா: உறை கெடக்கட்டும். தப்பா சொல்லியிருப்பான். பாட்டில் மாறியிருக்கும். திரும்பக் கேளு.

தையல்காரி: என் கிணத்துக்கு நீங்க வக்காலத்து வாங்குறதைப் பாத்தா எனக்கே மயக்கம் வருது. வாடை அடிக்குது, வாடை அடிக்குதுன்னு சலூன் கடை வரைக்கும் சொல்லி வெச்சது யாரு?

அக்கா: பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்...

தையல்காரி: அந்தப் பேச்சுக்கு அப்புறம் ஒருத்தரும் இங்க குடத்தோட வர்றதில்ல. ஆனா ஒண்ணு, கொஞ்ச நாளா காலையில எந்திரிச்சுப் பாத்தா வாளிக் கயிறு ஈரமா இருக்கு.

அக்கா: பனியா இருக்கும்.

தையல்காரி: பனி கிணத்து மூடியவும் தள்ளி வெக்குமா?

அக்கா: பூனை கீனை ஏறியிருக்கும். அதை விடு... அந்த நைட்ரேட்டு என்ன பண்ணுமாம்?

தையல்காரி: பெரியவங்களுக்குச் சட்டுனு ஒண்ணும் தெரியாதாம். வீட்டுல கைக்குழந்தை இருக்கான்னுதான் முதல்ல கேட்டார்.

அக்கா: கைக்குழந்தைன்னா?

தையல்காரி: உங்க பாப்பா மாதிரி, புட்டிப்பால் குடிக்கிற வயசு. ரத்தத்துல காத்து சேராதாம். உதடு, நகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போகுமாம்... அக்கா, உங்களுக்கு ஏன் வேர்க்குது?

அக்கா: உன் ஃபேன் எனக்கா சுத்துது, துணிக்குச் சுத்துது. கொதிக்க வெச்சா போயிடாது?

தையல்காரி: அதான் கூடாதாம். கிருமின்னா கொதிச்சா சாகும். இது தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகுமாம். நீங்க பால் மாவு கரைக்கிறது கொதிச்ச தண்ணியிலதானே?

அக்கா: வேற எதுல கரைப்பாங்க...

தையல்காரி: பாப்பா உதடு எப்படி இருக்கு?

அக்கா: காலையில ரோஸாதான் இருந்துச்சு. ஏன்டி, எங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணின்னு வாயால சொன்னானே அவன்.

தையல்காரி: தெரியும். மைக் வெக்காத குறையா தெருவுக்கே சொன்னீங்களே.

அக்கா: அப்புறம் என் பாப்பாவைப் பத்தி நீ எதுக்குக் கேக்கறே?

தையல்காரி: ...அக்கா, நான் ஒண்ணு சொன்னா கத்தரிக்கோலை எடுத்து என் தலையில போட மாட்டீங்களே?

அக்கா: அதைத் தூரமா வெச்சுட்டுச் சொல்லு.

தையல்காரி: அந்த பாட்டில்ல... நான் என் கிணத்துத் தண்ணிய ஊத்தல.

அக்கா: பின்ன?

தையல்காரி: வாடை, வாடைன்னு நீங்க சொல்லிச் சொல்லி, மோந்தா எனக்கே வர்ற மாதிரி இருந்துச்சு. ரிசல்ட்டு மோசமா வந்தா யாரு இங்க துணி கொடுத்துட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிப்பாங்க? நீங்க பாப்பாவுக்கு ஊசி போடப் போயிருந்தப்போ, இடிஞ்ச சுவர் வழியா வந்து உங்க கிணத்துத் தண்ணி வர்ற தோட்டத்துக் குழாயில புடிச்சுட்டேன்.

அக்கா: எங்க குழாயிலயா...

தையல்காரி: தேறாதது உங்க தண்ணிக்கா. ராத்திரியே வந்து சொல்லியிருக்கணும். கதவு வரைக்கும் வந்துட்டு, வெக்கமா இருந்துச்சு, திரும்பிட்டேன். என்னை என்ன வேணா திட்டுங்க, தெருவுக்கே சொல்லுங்க. பாப்பாவுக்கு மட்டும் அந்தத் தண்ணி வேணாம். இப்பவே வீட்டுக்குப் போய் நிறுத்துங்க... என்னக்கா இது, சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

அக்கா: ரெண்டும்தான். மெஷினை நிறுத்துடி, காது அடைக்குது.

தையல்காரி: மெஷின் எப்பவோ நின்னாச்சு. எனக்கு ஒண்ணுதான் புரியல. ஒரே குழாய்த் தண்ணி. என் பாட்டில்ல கெட்டதுன்னு வந்தது, உங்க பாட்டில்ல எப்படி நல்லதுன்னு வந்துச்சு?

அக்கா: எங்க கிணத்தை ஒட்டித்தானே கக்கூஸ் தொட்டி... எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நாங்க குடிச்சுக்கிட்டோம். இத்தனை வருஷம் கழிச்சு வந்த புள்ளைக்கு அதைக் கொடுக்க மனசு வரல. ஊரெல்லாம் வந்து இறைச்சா உன் கிணறு வத்திடுமேன்னுதான் வாடைன்னு கிளப்பி விட்டேன்... பூனையும் இல்ல, பனியும் இல்லடி. விடியறதுக்கு முன்னாடி தினம் வர்றது நான்தான். என் பாட்டில்ல ஊத்துனதும் உன் தண்ணி, என் பாப்பா குடிக்கிறதும் உன் தண்ணி.