அம்மாவின் தறிக்கு ஓர் ஆள்

எழுதிக்கொள்ளும் ஏட்டையா அவசரப்பட வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவேன்.

என் அம்மா தில்லையம்மாள் போன மாதம் காலமானாள். பட்டு நெசவில் காஞ்சிபுரத்திலேயே பேர் வாங்கிய கை. பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் சொன்னபடி குடை, செருப்பு, கைத்தடி, செம்பு எல்லாம் தானம் கொடுத்தேன். போகிற வழியில் அம்மாவுக்கு உதவுமாம். அவற்றை ஐயர் தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனார். எனக்கு மனசே ஆறவில்லை. அம்மா என்றைக்குத் தன் குடையைத் தானே பிடித்திருக்கிறாள்? என் மனைவி இளவரசிதான் பிடிப்பாள்.

பழைய எகிப்துக்காரர்கள் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். செத்தவர் மறு உலகத்திலும் வயலில் இறங்கி வேலை செய்தாக வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கல்லறைக்குள் சின்னச் சின்னப் பொம்மைகளை வைப்பார்கள். இவரை வேலைக்குக் கூப்பிட்டால் இவருக்குப் பதில் நீ போய் நிற்க வேண்டும் என்று பொம்மை மேலேயே எழுதிவிடுவார்கள். என்ன முன்யோசனை பாருங்கள். நம் ஆட்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

நானும் பொம்மைக்காரத் தெருவில் ஒரு மண் பொம்மை வாங்கி, அதன் முதுகில் அதையே தமிழில் எழுதி, பாலாற்று மணலில் புதைக்கக் கிளம்பினேன். இளவரசி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பொம்மையா அத்தைக்குக் கோர்வை போடும்? போங்க நீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா நெய்ததெல்லாம் கோர்வைப் புடவை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஒருவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். தனி ஆளால் ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவள் இளவரசி. அம்மா திட்டிக்கொண்டே நெய்வாள். இவள் வாயைத் திறக்காமல் நாடாவைத் தள்ளுவாள். இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

அந்த வாரமே அவள் பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். எங்கள் மகள் வள்ளி ஏனாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"வள்ளி கூப்ட்டுக்கினே இருக்குதுங்க. கொஞ்ச நாள் அங்க போய் இருந்துட்டு வரேன். அத்தையே போய்ட்டாங்க, இனிமே இங்க எனக்கு இன்னா வேலை?"

நியாயமான கேள்வி. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் கிடையாது. ஒருநாளும் கை நீட்டியதில்லை. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் தவிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். "நீயே போயிருக்கலாமேப்பா" என்று ஆஸ்பத்திரி வாசலில் வள்ளி என் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். யோசிக்காமல் பேசுகிறாள். எனக்குத் தறி வேலை தெரியாதே.

அம்மாவுக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரைகள் நிறைய மீதமிருந்தன. இளவரசி பஸ்ஸுக்குக் கிளம்பும் சமயம், எல்லாவற்றையும் பொடித்துக் காபியில் கலந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அவளுக்குக் காபி போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கசந்திருக்கும். ஆனாலும், "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

செத்தவரின் இதயத்தைத் தராசில் ஓர் இறகுக்கு எதிரே வைத்து நிறுப்பார்கள் என்பதும் எகிப்தில் ஒரு நம்பிக்கை. பொய் சொன்ன இதயம் கனத்துக் கீழே இறங்கிவிடுமாம். என் இதயத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவள் கடைசியாகச் சொன்னது பொய். அதற்காக அங்கே அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.