பக்கத்து சீட்டில் பாகீரதி

நாகலக்ஷ்மி: ஏன்னா, இருபது நிமிஷமா கார்ல உக்காண்டிருக்கேள். வாசலை விட்டு நகரக் காணோமே?

சுப்பு: பாட்டரி... என்னமோ மக்கர் பண்றது.

நாகலக்ஷ்மி: போன வாரம் மாத்தின புது பாட்டரியா?

சுப்பு: புதுசானா மக்கர் பண்ணப்படாதா? நீ உள்ள போ நாகு. குக்கர் கூப்பிடறது.

நாகலக்ஷ்மி: குக்கரை அணைச்சுட்டுத்தான் வந்திருக்கேன். கதவைத் திறங்கோ, நானும் உக்காந்துக்கறேன்.

சுப்பு: நீ எதுக்கு... அது... சரி, உக்காரு.

நாகலக்ஷ்மி: அம்மாடி, முட்டி இடிக்கறது! சீட்டை இவ்வளவு முன்னாடி இழுத்தது யாரு?

சுப்பு: பாகீரதி. கொஞ்சம் குள்ளம்.

நாகலக்ஷ்மி: குள்ளமா இருந்தா முன்னாடி வரணுமோ? அவளா வண்டி ஓட்டறா?

சுப்பு: எனக்கெப்படித் தெரியும்? நான் ரோடைப் பாக்கறேன்.

நாகலக்ஷ்மி: ஆமாமா, ரோடைத்தான் பாப்பேள். இன்னிக்கு அவ வரலைன்னதும் வண்டி மக்கராயிடுத்து, அல்லே?

சுப்பு: ...அவ வரலைன்னு ஒனக்கு யார் சொன்னா?

நாகலக்ஷ்மி: உங்க போன்ல மெசேஜ் வந்ததே.

சுப்பு: போன் காலம்பறலேர்ந்து என் பாக்கெட்ல இருக்கு.

நாகலக்ஷ்மி: அப்போ... ஊகம்தான். அதை விடுங்கோ. மூணு மாசமா எதுக்கு அவளை ஏத்திண்டு போறேள்?

சுப்பு: நூறு தடவை சொல்லியாச்சு. ஒத்தையா கார்ல வராதேங்கோன்னு ஓஃபீஸ்ல எல்லார்க்கும் மெயில் அனுப்பினா. ரெண்டு பேரா வந்தா வாசல்கிட்டயே பார்க்கிங். லிஸ்ட்ல என் பேருக்கு நேரே அவ பேர் இருந்தது. அடுத்த தெருக்காரி ஆச்சே, ஏத்திண்டேன். நான் ஒண்ணும் கேட்டு வாங்கலை.

நாகலக்ஷ்மி: அந்த ஏற்பாடு சித்திரையில விஷுவோட முடிஞ்சுபோச்சே. இப்போ பார்க்கிங் எல்லார்க்கும் பழையபடி...

சுப்பு: அதுவும் ஊகமா? நாகு, என் ஓஃபீஸ் சமாசாரம் ஒனக்கு யார் வந்து ஓதறா?

நாகலக்ஷ்மி: கேள்வி நான் கேக்கறேன். கரமனைலேர்ந்து ஈஞ்சக்கல் போய் பைபாஸைப் பிடிச்சா அரை மணியில கழக்கூட்டம் ஓஃபீஸ். நீங்க ஊருக்குள்ள பட்டம் வழியா ஒரு மணி நேரம் சுத்தறேள். அந்த மீதி அரை மணி எதுக்கு? பேசி முடியலையா?

சுப்பு: பைபாஸ்ல கண்டெய்னர் லாரி ஜாஸ்தி. விழிஞ்ஞம் துறைமுகம் வந்ததுலேர்ந்து.

நாகலக்ஷ்மி: லாரிக்குப் பயந்தா சுத்தறேள்? இருபது வருஷமா வண்டி ஓட்டறவர்!

சுப்பு: பயம்னு யார் சொன்னா?

நாகலக்ஷ்மி: சரி, பயமில்லை. பத்மப்ரியா ஒண்ணு சொன்னா. சொல்லட்டுமா?

சுப்பு: நாலாம் வீட்டு பத்மப்ரியாவா? அவ பாதி பாப்பா, பாதி சேத்துப்பா.

நாகலக்ஷ்மி: பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருந்தாளாம். பட்டம் சிக்னல். கீழே நம்ம கார். உங்க தொடைகிட்ட அவ கை இருந்ததாம். வண்டி கிளம்பினப்புறமும் எடுக்கலையாம்.

சுப்பு: சிவசிவா! அது ஹேண்ட்பிரேக், நாகு!

நாகலக்ஷ்மி: அதை அவ எதுக்குப் பிடிச்சுக்கணும்?

சுப்பு: எங்க ஓஃபீஸ்க்கு வரதுக்கு முன்னாடி பத்து வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தவ. கை தானா அங்க போறது. பழக்கதோஷம்.

நாகலக்ஷ்மி: கையை எடுன்னு நீங்க சொல்லலையா?

சுப்பு: ...சொல்லலை.

நாகலக்ஷ்மி: ஏன்? உங்களைத்தான் கேக்கறேன். ஏன் சொல்லலை?

சுப்பு: அந்தக் கை அங்க இருந்தாத்தான் எனக்கு வண்டி ஓடறது! போருமா?

நாகலக்ஷ்மி: ...போராது. சொல்லுங்கோ.

சுப்பு: கும்ப மாசம், அதான் மாசியில, கார்ல நீளமா ஒரு கோடு விழுந்ததே...

நாகலக்ஷ்மி: ஓஃபீஸ் தூண்ல ஒரசிடுத்துன்னேள்.

சுப்பு: தூண் இல்லை. பைபாஸ்ல ஆக்குளம் பாலம். பக்கத்துல ஒரு கண்டெய்னர் லாரி... வந்துண்டே இருந்தது, முடியவே இல்லை. கை ரெண்டும் மரத்துப்போச்சு. பிரேக் எங்க இருக்குன்னே மறந்துபோச்சு, நாகு. சுவர்ல ஒரசிண்டே போய்த்தான் நின்னுது.

நாகலக்ஷ்மி: ஐயோ...

சுப்பு: டாக்டர்கிட்ட போனேன். உடம்புல ஒண்ணுமில்லை, பயம்தான்னார். தனியா உக்காந்தா சாவியைத் திருப்பவே கை வரலை. பக்கத்துல ஒருத்தர் இருந்தா பயம் அடங்கிடறது.

நாகலக்ஷ்மி: பஸ்ல போப்படாதா? ரயில்கூட கழக்கூட்டத்துல நிக்கறதே.

சுப்பு: கார் என்னாச்சு சார்னு டீம் முழுக்கக் கேக்கும். நீயும் கேப்பே. நாப்பத்தெட்டு வயசுல பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? பாகீரதிகிட்டகூட மூச்சு விடலை... நீ ஏன் அழறே?

நாகலக்ஷ்மி: அழலை. கோவம். கும்ப மாசம் இதே இடத்துல இதே மாதிரி உக்காந்துட்டு, பஞ்சர்னு சொல்லி ஆட்டோல போனேளே... ஞாபகமிருக்கா?

சுப்பு: அது... ஆமாம்.

நாகலக்ஷ்மி: அடுக்களை ஜன்னல் வழியாப் பாத்துண்டிருந்தேன். நாலு டயரும் நன்னாத்தான் இருந்தது. கைதான் ஆடித்து.

சுப்பு: அப்போ... ஒனக்கு முன்னாடியே...

நாகலக்ஷ்மி: பாகீரதியை எனக்கு நாலு வருஷமா கோவில்ல பழக்கம். அந்த மெயில் வந்ததை அவ சொன்ன அன்னிக்கே, எங்காத்துக்காரர் பேருக்கு நேரே உன் பேரைக் குடுத்துடுடின்னேன்.

சுப்பு: எல்லாம் தெரிஞ்சுண்டா இத்தனை கேள்வி? பட்டம் சிக்னல், தொடைன்னு...

நாகலக்ஷ்மி: மூணு மாசமா நீங்களே சொல்லுவேள் சொல்லுவேள்னு காத்துண்டிருந்தேன். தாங்கலை எனக்கு. அதான் இன்னிக்கு வராதேன்னு அவகிட்ட சொன்னேன். சாவியைத் திருப்புங்கோ, மெதுவாக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போவோம். அங்க வண்டியைப் போட்டுட்டு ரெண்டு பேரும் பஸ். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். ஹேண்ட்பிரேக் இதுதானே? பயப்படாதேங்கோ, நான் கையை எடுக்கமாட்டேன்... என்ன ஆனாலும் கையை அதுலேர்ந்து எடுக்காதேடின்னு அவகிட்ட சொல்லி அனுப்பினவளே நான்தான்.