ஊருக்கு ஒரு துப்பாக்கி

மழை விடட்டும் ஐயா, அவசரமில்லை. ஆனி பிறந்துவிட்டால் சாரல் இப்படித்தான். நின்றது போலிருக்கும், வாசலைத் தாண்டும்போது பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றித் தந்துவிட்டேன். நீங்களும் ஸ்டேஷன் ரசீது எழுதிவிட்டீர்கள். இன்னொரு காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதையும் எழுத வேண்டியிருக்கும்.

என் பெயர் சொரிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. அச்சன்புதூருக்கு மேற்கே, மலையடியில் கிடக்கிற இந்தச் சாத்தான்பொத்தையில் நாலு ஏக்கர் புஞ்சை எனக்கு. சோளமும் கடலையும் போடுவேன். மலையடி விவசாயிக்குப் பாதி விளைச்சல் பன்றிக்கு. அதனால் இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பதினோரு துப்பாக்கி இருந்தது. எல்லாம் மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் உள்ளது ஆறு, இல்லாதது ஐந்து. யாரும் யாரையும் சுட்டதில்லை.

சர்க்கார் ஒரே நாளில் எதையும் பிடுங்குவதில்லை ஐயா. உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்கள் நேற்று வேலைக்கு வந்தவர். முதலில் எழுதி மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டு என்றார்கள். தோளில் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு நடந்தோம். பிறகு மருந்து இவ்வளவுதான், ரவை இவ்வளவுதான். லைசென்ஸ் தாளில் வருஷத்துக்கு ஒரு வரி கூடியது. கடைசியில், எந்த நிலத்தில் நின்று சுடலாம் என்று சர்வே நம்பரும் ஏறியது.

அந்த வருஷம் தாளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நல்லதம்பி கேட்டான், "இது எங்கன போயி நிக்கும் அண்ணாச்சி?"

"கடைசித் துப்பாக்கியில போயி நிக்கும்லே" என்றேன்.

நல்லதம்பி கீழப்பாவூர்க்காரன். எங்கள் தெருவிலே பிறந்த சந்தனமாரியைக் கட்டிக்கொண்டு, அவள் நிலத்தைப் பார்க்க இங்கேயே வந்துவிட்டவன். என் நிலத்துக்கும் அவள் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். வந்த ஊரில் அவனுக்கு முதலில் சோறு போட்டது என் வீடு. துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்தமும் காங்கிரஸ் கலாட்டாவும் சேர்ந்து வந்தபோது, எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏட்டு ஒருவர் இதே இடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன்.

"நம்பிக்கையான ஆளா ஒருத்தர்கிட்ட மட்டும் விட்டுவைக்கலாம்னு மேல சொல்லுதாக. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி யார் யார் வச்சிருக்கான்னு தெரிஞ்சா, அந்த ஆளு யாருன்னு முடிவு பண்ண லேசா இருக்கும்."

நான் இரண்டு நாள் யோசித்தேன். கேட்பவர்கள் எப்படியும் எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறார்கள். எல்லாருடையதும் போனால் இந்த மலையடியில் ஒரு மணி தானியம் வீடு வந்து சேராது. ஒன்றாவது மிஞ்ச வேண்டும். அது பொறுப்புள்ள ஆளிடம் மிஞ்ச வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவன் என்று முதலில் ஏசுதாசன் பெயரைச் சொன்னேன். அவனுக்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியில்லை. அடுத்தடுத்த மாதங்களில் மற்ற மூன்று பெயர். தையில் ஏட்டு மறுபடி வந்தார். இன்னும் ஒன்று இருக்கிறதாமே என்றார்.

இருந்தது. அது என்னுடையது. என் அப்பாவின் பழைய துப்பாக்கி, லைசென்ஸ் எடுக்காமல் பரண்மேல் கிடந்தது. கட்டை பிளந்த இடத்தில் அப்பா உடைந்த செப்புக்குடத்திலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றியிருப்பார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் நல்லதம்பியும் அவளும் களையெடுக்கப் போயிருந்த நேரத்தில், அதை அவர்கள் வைக்கோல் படப்பில் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் ஏட்டிடம் நல்லதம்பி பெயரைச் சொன்னேன். ஏன் அவன் என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரன். அவனுக்காகப் பேச இங்கே சொந்தபந்தம் கிடையாது. என் அப்பா செத்த பிறகு வந்தவன், அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததே இல்லை. ஊருக்கு அவனால் நஷ்டம் குறைவு. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் செய்தேன், கோபத்தில் செய்யவில்லை. இரண்டரை வருஷம் தண்டனை கொடுத்தார்கள். வண்டியில் ஏற்றும்போது, "நிலத்தைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். பார்த்துக்கொண்டேன்.

பதினோரு துப்பாக்கியில் லைசென்ஸ் உள்ள என்னுடையது மட்டும் மிஞ்சியது. சந்தனமாரி தனியாகவே விதைத்தாள். தகரத்தைத் தட்டிக்கொண்டு அவளே காவலும் இருந்தாள். அடுத்த ஆடியில், சோளம் பால் பிடிக்கிற சமயம், ஜெயிலில் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே நான் வரப்போரம் துப்பாக்கியோடு நின்றிருந்தேன். வந்து எதிரே நின்றாள்.

"எங்க படப்புல எடுத்த துப்பாக்கியில செப்புப் பட்டை சுத்தியிருந்துச்சாம். அவுக சொன்னாக."

துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். உங்க அப்பா அந்தப் பட்டையை வெட்டும்போது குடத்தைப் பிடிச்சிக்கிட்டது நான்தான் அண்ணாச்சி."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. "அவுககிட்டகூட இன்னும் சொல்லல. நாளைக்குத் தென்காசிக்குப் போயி சொல்லப் போறேன். உங்ககிட்டச் சொல்லாமப் போனா நல்லாயிருக்காதுன்னுதான் சொல்லுதேன்" என்றாள். பிறகு தன் சோளத்துக்குள் போனாள்.

அங்கே பன்றி கிடந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தகரச் சத்தம் கேட்டது, நின்றது. அவள் வரப்பை நோக்கி ஓடிவந்தாள். பின்னாலே ஒற்றைப் பன்றி, கிழட்டு ஆண். நான் மருந்து இடித்துத் தயாராக வைத்திருந்தேன். இருபது அடி இருக்கும். அந்தத் தூரத்தில் நான் தவறவிட்டதில்லை. துப்பாக்கிக் குதிரையை இழுத்துக் குறியும் பார்த்துவிட்டேன்.

பிறகு குதிரையை மெல்ல இறக்கிவிட்டேன்.

என் லைசென்ஸில் என் சர்வே நம்பர் மட்டும்தான் எழுதியிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிலம். அங்கே சுட்டால் சட்டமீறல், இருந்த ஒரு துப்பாக்கியும் போய்விடும். அந்த நேரத்தில் இப்படித்தான் தோன்றியது. நீங்கள் நம்பாவிட்டாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒருமுறை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். தகராறு செய்த ஆளைக் கூப்பிடுவதுபோல் இல்லை. பக்கத்து நிலத்துக்காரனைக் கூப்பிடுவதுபோல்தான் இருந்தது. அப்புறம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு அன்று ராத்திரியே குற்றாலம் போனேன். அருவியில் கூட்டம். காலையிலேயே வந்தவன்போல் தலை துவட்டிக்கொண்டு, தெரிந்த முகங்களிடமெல்லாம் பேசினேன். மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பினேன். ஊரே அவள் வீட்டு முன்னால் நின்றது. கருமாதி வரைக்கும் எல்லாவற்றையும் நான்தான் நின்று நடத்தினேன். செத்தவளைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேச யாரையும் விடவில்லை.

போன வருஷம் நல்லதம்பி விடுதலையாகி வந்தான். பல் பாதி போயிருந்தது. என் நிலத்துக்கே காவலுக்கு வைத்துக்கொண்டேன். என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். போன வாரம் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னான், "அன்னைக்கு நீங்க குத்தாலம் போகாம, துப்பாக்கியோட அங்கன நின்னிருந்தா அவ பொழைச்சிருப்பா அண்ணாச்சி. என்ன செய்ய, நேரம்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன் ஐயா. துப்பாக்கியும் நானும். பன்றி கொன்றது என்று ஊர்க்கணக்கில் எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். இத்தனை வருஷமும் துப்பாக்கிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நீங்கள் அதையும் கேட்டு வந்துவிட்டீர்கள். லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை என்று மேலிடத்தில் முடிவாம். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இந்த மலையடியில் இனி எடுக்க ஒன்றும் கிடையாது.

கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். இங்கேதானே? மழையும் விட்டதுபோல் இருக்கிறது, கிளம்பலாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இதை நல்லதம்பியிடம் மட்டும் சொல்லாதீர்கள். பாவம், அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.