நிற்கும் உயரம், எட்டும் உயரம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்கள் உயரத்துக்கு ஆகாது. முட்டி இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது பாருங்கள். உங்களுக்குத் தொடை நீளம், அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். ஓரத்தில் இருக்கிற அந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம், ஆளைப் பார்த்ததும் உடம்பை அளப்பது என் பழக்கம். என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் காபி டம்ளரைப் பிடித்த விதத்தைப் பார்த்தே, மணிக்கட்டில் பலம் இல்லாதவன் என்று சொன்னேன். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறப்பது என் மகள்தான்.

நசுருதீன் எழுதிய புகாரை முழுக்கப் படித்துக் காட்டினீர்கள். நன்றி. உங்கள் வாலிபால் சங்கம் எனக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுக்கப்போகிறது என்று பேப்பரில் வந்த பிறகு எழுதியிருக்கிறார். அவர் எங்கள் அணிக்குப் பல வருஷம் கேப்டனாக இருந்தவர், பொய் சொல்கிற ஆள் இல்லை. நடந்ததாக எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான். ஏன் நடந்தது என்று எழுதியிருக்கிறாரே, அது மட்டும் தப்பு. சென்னிமலை என்கிற பையன் என் மனைவி வழியில் உறவு என்பதால் செய்தேன் என்கிறார். உறவுக்காரப் பையன்கள் பலரை நான் மில் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாமனார் வீட்டில் எனக்கு இன்றுவரை ஒழுங்காகச் சாப்பாடு போடுவதில்லை, அதனால்தான்.

சிங்காநல்லூரில் எங்கள் மில்லுக்கு வாலிபால் அணி இருந்தது. நான்தான் விளையாட்டு அதிகாரி. அணிக்குத் தேர்வாகிறவனுக்கு மில்லில் பெர்மனென்ட் வேலை. காலையில் ஒரு ஷிப்ட் ஒப்புக்கு நின்றுவிட்டு, மதியத்துக்கு மேல் மைதானத்துக்கு வந்துவிடலாம். பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு. ஒரு பையனுக்கு அந்த வேலை கிடைத்தால் அவன் தங்கச்சிகளுக்கு நல்ல இடம் அமையும். தொண்ணூற்று மூன்றில் மில்கள் ஆட்டம் கண்டிருந்த நேரம், ஒரே ஒரு இடம்தான் தருவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நான் ஏழு பையன்களை உதவித்தொகையில் எடுத்து, ஒரு சீசன் முழுக்க அணியோடு ஆடவிட்டேன். சீசன் முடிவில் ஒருவனுக்கு வேலை, மற்றவர்கள் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

என் முறை எளிமையானது. சுவரோரம் நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்வேன். விரலில் சாக்பீஸ் பூசி எம்பித் தொடச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அந்தப் பையன். பிறகு உள்ளங்கை அகலம், கணுக்கால் சுற்றளவு, தோள். எந்தப் போட்டியில் ஜெயித்தாய், எத்தனை கப் வாங்கினாய் என்று கேட்கவே மாட்டேன். ஊர்த் திருவிழாப் போட்டியில் ஜெயித்தேன் என்றால் எதிரில் நின்றவன் மட்டம் என்று அர்த்தம். கப் துருப்பிடிக்கும். எலும்பு நீளம் மாறாது.

அளந்து போட்ட வரிசையில் சென்னிமலையை முதலில் வைத்தேன். பவானிப் பக்கம் மஞ்சள் விவசாயி வீட்டுப் பையன். அவன் சாக்பீஸ் தடம் விழுந்த இடத்தை இன்னும் வெள்ளையடிக்கவிடாமல் வைத்திருக்கிறேன். அப்படியொரு உடம்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆறுச்சாமியைக் கடைசியில் வைத்தேன். அன்னூர்ப் பக்கத்துப் பையன், அப்பா இல்லை, அம்மா மாசாணியம்மாள் அடுத்தவர் காட்டில் களை வெட்டுகிறவர். நெட்டுக்குப் பக்கத்தில் நின்றால் எதிர் அணிக்காரனுக்கு அவன் தலைமுடிதான் தெரியும். வேலை கிடைத்தால் அம்மாவைக் காட்டு வேலைக்குப் போகவிட மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். அது உடம்பளவில் சேராது, அதனால் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வரிசையை மேனேஜரிடம் அன்றைக்கே சொன்னேன். மாறினால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சீசன் தொடங்கியது. போன இடத்திலெல்லாம் ஆறுச்சாமிதான் ஜெயித்துக்கொடுத்தான். நான் சும்மா சொல்லவில்லை, ஒரு ஊர் பாக்கியில்லை. எதிரில் இருப்பவனின் தோள் திரும்புவதைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு, அது வருவதற்கு முன்னால் அங்கே போய் நின்றான். ஓங்கி அடிக்க மாட்டான். காலியாக இருக்கிற இடம் பார்த்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பந்தை வைத்துவிட்டு வருவான். இதையெல்லாம் எந்த டேப்பால் அளப்பது? சென்னிமலை எம்பினால் கூட்டமே அண்ணாந்து பார்க்கும். பந்து நெட்டில் மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பக்கத்து டீக்கடைக்குள் போய் விழும். சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் பவானியிலேயே அவன் ஒரு மேட்ச் முழுக்க ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“என்னங்க சார், நீங்க கடைசில போட்ட பையன்தான் ஒவ்வொரு தடவையும் கப்பைத் தூக்கிட்டு வாரான். உங்க டேப்பை எலி கடிச்சுப்போட்டுதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அன்றைக்கு மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை. இருபது வருஷம் ஒரு மனிதன் கண்ணில் வைத்துப் பழகியதை, கட்டையான ஒரு பையன் பந்தை மெதுவாகத் தட்டித் தட்டியே பொய்யாக்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. என்னைக் கண்டால் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்கிற பையனை யார் வெறுப்பார்கள்? அவன் வாங்கும் பாயின்டுகளைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அந்த உடம்பு ஒருநாள் அவனைக் கைவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துக் கைவிட்டால் மில்லுக்கு நஷ்டம். சீசன் முடிவதற்குள் கைவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் யோசித்தது இப்படித்தான்.

ஆறுச்சாமியைக் கூப்பிட்டேன்.

“உன்ற கிட்ட எல்லாம் இருக்குது, உயரம்தான் பத்தலை” என்றேன்.

“நான் கட்டைங்கறது எனக்கே தெரியுமுங்க சார். அதுக்கு என்னுங்க பண்றது?”

“எம்பறதை ஏத்திக்கிட்டாப் போதும். தனியாப் பயிற்சி தாரேன். செய்வியா?”

“சாகச் சொன்னாலும் செய்யறனுங்க.”

பயிற்சி இதுதான். உயரத்திலிருந்து கீழே குதித்து, கால் தரையைத் தொட்ட வேகத்திலேயே மேலே எம்ப வேண்டும். பெங்களூரில் பயிற்சியாளர்களுக்கு நடந்த கேம்ப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எம்புவது நிஜமாகவே ஏறும். ஆனால் மணலில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கனமான பாய் போட்டுச் செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. வீக்கம் கண்டால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் முட்டிக்குள் இருக்கிற நார் நைந்துபோகும், வெளியே தெரியாது. இந்தக் கடைசிப் பாடத்துக்கு அந்த கேம்ப்பில் நான்தான் முதல் மார்க்.

எங்கள் மைதானத்தில் நல்ல மணல் பள்ளம் இருந்தது. அதைச் செவ்வாயும் வெள்ளியும் சென்னிமலைக்குக் கொடுத்தேன். ஆறுச்சாமியைக் குடோனுக்கு அழைத்துப் போனேன். அழுத்திக் கட்டிய பஞ்சு பேல் இரண்டை அடுக்கினால் என் நெஞ்சு உயரம் வரும். அதன் மேலிருந்து சிமென்ட் தரையில் குதிக்கச் சொன்னேன். வெறுங்காலில், தினமும். பழகிய பிறகு தோளில் மணல் மூட்டை ஒன்றும் வைத்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்ற பையன்கள் பொறாமைப்பட்டார்கள், சார் ஆறுச்சாமியை மட்டும் தனியாகக் கவனிக்கிறார் என்று.

நசுருதீன் ஒருநாள் குடோன் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க சார், இவனுக்கு மட்டும் ஏன் சிமென்ட் தரைங்க? பள்ளம் இன்னைக்குச் சும்மாதானே கெடக்குது?”

“கட்டையான பையன், கெட்டித் தரையில பழகுனாத்தான் ஏறும்” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அப்போதே அவர் சத்தம் போட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. புகாரில் அந்த இடத்தில் கையெழுத்து கோணலாகப் போகிறது, இங்கிருந்தே தெரிகிறது.

பங்குனி வாக்கில் மாசாணியம்மாள் மில்லுக்கு வந்தார். ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“பையன் முட்டி ரண்டும் வீங்கிக் கெடக்குதுங்க. ராத்திரி வெளக்கெண்ணெ போட்டு நீவி உடறேன். தொட்டாலே மொகம் சுளிக்கிறானுங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறான். அது நல்லதுக்குத்தானுங்களா சார்?”

“பலம் பிடிக்கிற வீக்கமுங்க. பயப்படாதீங்க.”

“நீங்க சொன்னாச் செரிங்க. என்ற பையனை உங்க கையில உட்டுப்போட்டேன். இனி எனக்குக் கவலையில்லைங்க.”

கடலை நல்ல கடலை, ஒன்றுகூடச் சொத்தை இல்லை. வீட்டில் வேகவைத்துச் சாப்பிட்டோம்.

சித்திரையில் மேனேஜர், நானே நேரில் பார்த்து முடிவு பண்றேன் என்று மில் மைதானத்தில் ஒரு மேட்ச் வைத்தார். முதல் ஆட்டம் முழுக்க ஆறுச்சாமிதான் ஆடினான். என் பயிற்சியில் எம்புவதும் ஏறியிருந்தது, அதை மறைக்க மாட்டேன். மேனேஜர் என் பக்கம் குனிந்து, “இவனுக்கே ஆர்டர் போட்டுடலாமுங்க” என்றார். நான் சரி என்றேன். இரண்டாவது ஆட்டத்தில் எதிர் அணியின் அடியை நெட்டில் பிளாக் செய்ய எம்பினான். அவ்வளவு உயரம் அவன் எம்பி நான் பார்த்ததில்லை. இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக மடிந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிகிற சத்தம் மேனேஜர் நாற்காலிவரை கேட்டது.

அவன் கத்தவில்லை. “சார், சார்” என்று என்னைத்தான் கூப்பிட்டான். கட்டு நானே போட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், யார் போட்ட கட்டு, இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று கேட்டார்.

வேலை சென்னிமலைக்குக் கிடைத்தது. மேனேஜர் என் கையைப் பிடித்து, “நீங்க சொன்னது சரிதானுங்க சார், உடம்பு தாங்கலை. நான்தான் கேலி பேசிப்போட்டேன்” என்றார். அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

சென்னிமலை மூன்று வருஷம் ஆடினான். ஒரு கப்பும் வரவில்லை. பிறகு வேலையை விட்டுவிட்டு மாமனாரின் விசைத்தறியைப் பார்க்கப் போய்விட்டான். வெறும் ஆட்டக்கணக்கை வைத்துப் பார்க்கிறவர்கள் நான் தப்பான ஆளை எடுத்ததாகச் சொல்வார்கள். அவன் சாக்பீஸ் தடத்துக்கு மேலே இன்றுவரை யாரும் தொடவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறுச்சாமி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறான். வலது கால் மடங்காது. மாசாணியம்மாள் இன்னும் காட்டு வேலைக்குத்தான் போகிறார். என்னைப் பார்த்தால் அவன் எழுந்து நிற்பான், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டான். பக்கத்தில் இருப்பவர்களிடம், “சார் மொதல் நாளே சொன்னாருங்க, இந்த உடம்புக்கு ஆகாதுன்னு. நான்தான் கேக்காம ஆடிப்போட்டேன்” என்பான். அதை அவன் மனசாரச் சொல்கிறான். நான் திருத்துவதில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சிமென்ட் தரை முட்டியைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குதிக்கச் சொன்னேன். வீங்கிய பிறகும் சொன்னேன். அவன் அம்மா கேட்டபோது பொய் சொன்னேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன், விருதையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உறவுக்காகச் செய்தேன் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். உடம்பு தாங்காது என்றேன், தாங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் சென்னிமலையையும் அதே தரையில் குதிக்கவைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். என்ன சார் நீங்கள், அவ்வளவு நல்ல கால்களை யாராவது அப்படிப் பாழாக்குவார்களா?